கொழுந்து மாடியில் காய்ந்த படகு

நம் படகுக் கொட்டகையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கு என்னைப் பற்றி யாராவது ஏற்கெனவே காதில் போட்டிருப்பார்கள். கிழவன் எரிந்து விழுவான், பலகைகளுக்கு நடுவே இடுக்கைக் கண்டு நீங்கள் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலைத் தூக்கினால் போதும், பின்னால் நின்று கத்துவான் என்று. உண்மைதான், கத்துவேன். ஓய்வு பெற்ற பிறகும் அவ்வப்போது வந்து சம்பளமில்லாமல் கத்திவிட்டுப் போகிறேன். ஏன் என்று சொல்லாமல் கத்துவது நியாயமில்லை என்கிறாள் என் மனைவி. அவள் சொல்வதும் சரிதான். அதனால் இன்றைக்குக் கத்தாமல் உட்கார்ந்து சொல்கிறேன், கேளுங்கள்.

இது 'சிட்டு' என்ற பந்தயப் பாய்மரப் படகின் கதை. சொந்தக்காரர்கள் அதற்கு வைத்தது சிட்டுக்குருவியைக் குறிக்கும் ஓர் ஆங்கிலப் பெயர். எங்கள் வாயில் அது சிட்டு ஆகிவிட்டது. இலங்கை சுதந்திரம் அடைந்த மறு வருடம், வட்டகொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அதைக் கட்டினோம். நான் அப்போது அந்தத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தச்சனாக இருந்தேன். தேயிலைப் பெட்டி அடிப்பது, கூரைச் சட்டம் மாற்றுவது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கதவுகளுக்குக் கீல் போடுவது, இவைதான் என் வேலை. கடலை நான் கண்ணால் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட என்னைக் கூப்பிட்டுப் பந்தயப் படகு கட்டலாம் என்று சொன்னவர் தோட்டத்து மேலாளரான பெரிய துரையின் மனைவி. நாங்கள் தொரசாணி என்போம்.

குட்டையாக முடி வெட்டிக்கொண்ட, ஒல்லியான பெண்மணி. அவருடைய ஊரில் அவர் அப்பா படகு கட்டுகிறவராம். அந்தத் தொழிலை அப்பாவோடு இருந்தே பழகியவர், துரையைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்து சேர்ந்துவிட்டார். நுவரெலியா ஏரியில் ஏப்ரல் மாதப் பந்தயத்தில் மற்ற துரைமார் ஓட்டிய படகுகளெல்லாம் கொழும்பிலிருந்து வந்தவை, கடலுக்காகக் கட்டியவை. தொரசாணிக்கு அது பிடிக்கவில்லை. அந்த வருடம் முழுவதும் அவர் ஏரிக்கரையில் மூங்கில் கம்புகளை நட்டு, உச்சியில் ரிப்பன் கட்டி, அவை எந்தப் பக்கம் பறக்கின்றன என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். நானும்தான் பேசினேன்.

நம் ஏரிக்காற்று உங்களுக்குத் தெரியும். மலை இடுக்கிலிருந்து தடாலென்று இறங்கிப் பாயைப் பிடித்து உலுக்கும். அடுத்த நிமிடம் பேச்சு மூச்சு இருக்காது. இந்தக் காற்றுக்கென்றே அவர் ஒரு படகை வரைந்தார். முன்பக்கம் ஒடுங்கி, பின்பக்கம் அகன்று தட்டையாக, மற்றவற்றைவிடச் சிறிய பாயோடு. காற்று அடிக்கும்போது நிமிர்ந்து நிற்கவும், காற்று செத்த பிறகும் வழுக்கிக்கொண்டு போகவும் அப்படி ஒரு வடிவம்.

காகிதத்தில் வரைந்ததை அசல் அளவில் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து பார்க்க வேண்டும். அவ்வளவு பெரிய மட்டமான தரை தோட்டத்தில் ஸ்டோரில் மட்டும்தான் இருந்தது. அங்கே டீமேக்கர் ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. தேயிலை தயாராவதற்கு முழுப் பொறுப்பும் அவருடையது. தோட்டத்தில் பிறந்து, இங்கிலீஷ் படித்து, அந்த இடத்துக்கு வந்தவர். ஸ்டோருக்குள் யாரும் தும்மினால்கூட அவருக்குப் பொறுக்காது.

"சோக்குத்தூள் தேயிலையில விழுந்தா ருசி கெட்டுப்போகும்ங்க. கொழும்புல ருசி பாக்கிறவங்க என்னையத்தான் கேப்பாங்க" என்று நேராகவே சொல்லிவிட்டார்.

தொரசாணி கோபப்படவில்லை. அவருக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில், "ஞாயித்துக்கெழம ஸ்டோர் சும்மாதானே இருக்கு? நான் வரையும். நானே கூட்டும். நீ நின்னு பாரு" என்றார்.

அப்படியே செய்தார். முட்டி போட்டுக்கொண்டு, மெல்லிய மூங்கில் பட்டையை வளைத்துப் பிடித்துக் கோடு போட்டார். அந்தக் கோடு தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடம் வரைக்கும் எங்கேயும் தயங்கவில்லை. நான் அளவெடுத்து முடித்த பிறகு அவரே துடைப்பம் எடுத்துத் தரையைக் கூட்டி, ஈரத்துணியால் துடைத்தார். டீமேக்கர் ஐயா கடைசிவரை நின்று பார்த்தார். அடுத்த ஞாயிறு நான் போவதற்கு முன்பே வந்து அவரே கதவைத் திறந்து வைத்திருந்தார். பிறகு படகு வளர்ந்த காலமெல்லாம் ஒவ்வொரு நாளும் ஒரு நடை வந்து தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

தேக்குப் பலகையை இழைத்து விலாச் சட்டங்களில் பொருத்தும்போது நான் பலகைகளை நெருக்கி ஒட்ட வைத்தேன். பெட்டி அடித்துப் பழகிய கை. தொரசாணி அதைக் கழற்றச் சொல்லிவிட்டார். "பாஸ், நெருக்காத. தண்ணி குடிச்சா மரம் ஊதும். ஒண்ண ஒண்ணு தானா புடிச்சுக்கும். அதுக்கு எடம் வையி" என்றார். தச்சர்களை இங்கே பாஸ் என்று சிங்களத்தில் கூப்பிடுவதுதானே வழக்கம். அவர் சொன்ன மாதிரி மெல்லிய இடைவெளி விட்டு, அதில் பருத்தித் திரியை மெதுவாக வைத்துப் படகை முடித்தோம். அந்த ஏப்ரலில் அவரே சுக்கான் பிடித்து முதலாவதாக வந்தார். துரை பக்கத்தில் உட்கார்ந்து, இழு என்றபோது கயிற்றை இழுத்து, விடு என்றபோது விட்டார். தோட்டத்தையே நடுங்க வைக்கும் மனிதர் அவர்.

சில வருடங்கள் கழித்துத் துரை ஓய்வு பெற்று இருவரும் ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். ஹட்டன் பக்கத்துத் துரை ஒருவர் சிட்டுவை வாங்கினார். நானும் தோட்டத்தை விட்டு இந்த ஏரிக்கரைக் கொட்டகைக்கு வேலைக்கு வந்தேன். இந்த இரண்டாவது துரை அவசரக்காரர். ஒரு பந்தயத்தில் மயிரிழையில் தோற்றுவிட்டு, பாய்மரத்தை உயரமாக்கு, பாயைப் பெரிதாக்கு என்று குதித்தார். சொன்னால் கேட்கிற ஆளில்லை, செய்து கொடுத்தேன். அடுத்த முறை மலைக்காற்று இறங்கியதும் சிட்டு மூக்கைத் தண்ணீரில் குத்தி, ஏரிக்கரையில் துரைமார் கிளப்பில் உட்கார்ந்திருந்த எல்லோர் கண் முன்னாலும் அவரைக் கவிழ்த்துவிட்டது.

மறுநாள் காலை வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "பாஸ், பழைய பாய்மரம் இருக்கா?"

"இருக்குங்க தொர. உத்தரத்துக்கு மேல போட்டு வச்சிருக்கேன்."

"திரும்பப் போடு. அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும்."

அதன் பிறகு அவர் அந்தப் படகில் ஓர் ஆணியைக்கூட மாற்றச் சொல்லவில்லை. தோல்வியை அப்படி ஒப்புக்கொண்ட மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது. ஒரு படகில் கை வைப்பதற்கு முன்னால், வரைந்தவர் எந்தக் காற்றைப் பார்த்துக்கொண்டு வரைந்தார் என்று யோசியுங்கள், தம்பிமாரே.

இனி உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் இரண்டாவது துரையும் கப்பல் ஏறினார். சிட்டுவை வாங்கியவர், அது பிறந்த அதே வட்டகொடைத் தோட்டத்துக்குப் பெரிய துரையாக வந்திருந்த ஒரு சிங்களவர். அந்தத் தோட்டத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் உள்நாட்டுக்காரர் அவர்தான். கிளப்பில் அவரைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். தலையாட்டுவார்கள், ஆனால் மேசையில் இடம் ஒதுக்க மாட்டார்கள். வருகிற ஏப்ரலில் சிட்டுவோடு வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். இந்த ஆள் தண்ணீரில் என்ன செய்து கிழிக்கிறான் பார்ப்போம் என்று பாதிப் பேர் காத்திருந்தார்கள்.

அந்த மழைக்காலத்தில் நம் கொட்டகைக் கூரையைப் பிரித்து மாற்றும் வேலை நடந்தது. அதனால் துரை படகைத் தோட்டத்துக்கே கொண்டுபோனார். டீமேக்கர் ஐயாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிட்டு நனையக் கூடாது, பூஞ்சணம் பிடிக்கக் கூடாது என்று யோசித்து, தோட்டத்திலேயே சிறந்த இடத்தை அதற்குக் கொடுத்தார். ஸ்டோரின் மேல்மாடி. பறித்து வந்த பச்சைக் கொழுந்தைப் பரப்பி, விசிறிகளால் சூடான காற்றைச் செலுத்தி வாட்டுகிற இடம். பக்கச் சுவரின் சட்டங்களைக் கழற்றி, கொழுந்து ஏற்றும் கப்பியில் கட்டி, ஆட்களை வைத்துப் படகை மேலே ஏற்றினாராம். நான் இங்கே கூரை வேலையில் கிடந்தேன். எனக்கு இது எதுவும் தெரியாது.

தேயிலைக்காரர்களுக்கு ஈரம்தான் எதிரி. இலையிலிருந்து தண்ணீரை எடுப்பதே டீமேக்கர் ஐயாவின் வாழ்நாள் வேலை. ஒரு பொருளை நன்றாக வைத்திருப்பது என்றால் காயவைத்து வைத்திருப்பது என்றுதான் எங்கள் மலையில் அர்த்தம். வட்டகொடையில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள்.

பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது தோட்டத்து லொறி வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து டீமேக்கர் ஐயா கோட்டு போட்டுக்கொண்டு இறங்கி என்னைக் கூப்பிட்டார்.

"நல்லா பாத்துக்க, மாசிலாமணி. ஒரு பொட்டுப் பூஞ்சணம் இருக்கா? கொழுந்துக்குக் குடுக்கிற காத்தத்தான் இதுக்கும் குடுத்தேன்."

படகை இறக்கி மரக்கட்டைகள் மேல் நிறுத்தினோம். உள்ளே ஏறிக் குனிந்து பார்த்தேன். அடிப்பலகைகளுக்கு நடுவே வெளியே இருந்த புல் தெரிந்தது. ஓரிடத்தில் இல்லை, நீளத்துக்கும் தெரிந்தது. திரியைத் தொட்டேன், பஞ்சாக உதிர்ந்து விழுந்தது. 

"எவ்ளோ காலமா ஐயா மேல கெடந்துச்சு?"

"மழ தொடங்கினதிலேருந்து. விசிறிக்கு நேராவே வச்சிருந்தேன்ல?"

பலகை காய்ந்து சுருங்கிவிட்டது, தண்ணீரில் இறக்கினால் நேராக அடிக்குப் போய்விடும் என்று சொன்னேன். அவர் படகைச் சுற்றி வந்து ஒவ்வொரு இடுக்காகப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

சாயந்தரம் துரை வந்தார். பார்த்ததும் அவருக்கும் புரிந்துவிட்டது. "பாஸ், அடைக்க முடியாதா?" என்றார். நல்ல தமிழ் பேசுவார், கொஞ்சம் சிங்கள வாசத்தோடு.

"அடைக்கலாம் தொர. திரிய இறுக்கி அடிச்சு, மேல சாந்து பூசினா பந்தயத்தன்னைக்கு ஓடும். சந்தேகமே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் பலக தண்ணி குடிச்சு ஊதும். ஊதுறதுக்கு எடம் இருக்காது. விலாச் சட்டத்த ஒடச்சிரும். அதோட சிட்டு முடிஞ்சுது."

"வேற வழி?"

"ஏரியில மூழ்க வச்சிறலாங்க. தண்ணிக்குள்ளயே கெடந்தா மரம் மெதுவா பழைய மாதிரி ஆகும். ஆனா பந்தயத்துக்குள்ள ஆகுமான்னு எனக்குத் தெரியாது. இப்பிடிக் காஞ்ச படக நான் பாத்ததே இல்ல."

நான் மறைக்காமல் சொல்லிவிட்டேன், ஏனென்றால் எனக்கு உண்மையிலேயே தெரியாது. முடிவு அவருடையது. அடைத்தால் பந்தயம் நிச்சயம், அதன்பின் படகு இல்லை. மூழ்கடித்தால் படகு பிழைக்கும், பந்தயம் நிச்சயமில்லை. அந்த ஒரு பந்தயம் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. அவர் குனிந்து ஓர் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஹரி, பாஸ்" என்று சிங்களத்தில் சரி சொன்னார். "மூழ்க வை."

கரையோரத்தில், கிளப் விறாந்தையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிற இடத்தில்தான் தேவையான ஆழம் இருந்தது. சாக்குகளில் ஆற்றுக் கற்களை நிரப்பி உள்ளே அடுக்கினோம். தண்ணீர் எல்லா இடுக்குகளிலிருந்தும் பீறிக்கொண்டு வந்தது. என் கையால் இழைத்த படகை என் கையாலேயே மூழ்கடித்தேன். மனது கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன்.

அன்றே செய்தி பரவிவிட்டது. புதிய துரை படகை இறக்கினாராம், நேராக அடிக்குப் போய்விட்டதாம் என்று. கிளப்பில் சிரித்தது கொட்டகை வரைக்கும் கேட்டது. ஒரு காலையில் வந்து பார்த்தால், படகு கிடந்த இடத்துக்கு மேலே சாவு வீட்டுக்குப் போடுகிற மாதிரி ஒரு வெள்ளைப் பூ வளையம் மிதந்துகொண்டிருந்தது. யார் போட்டது என்று கேட்கவா வேண்டும்? நான் எடுத்து எறியப் போனேன். துரை தடுத்துவிட்டார். "நல்ல பூ, பாஸ். கெடக்கட்டும்" என்றார். சொல்லும்போது அவர் காது சிவந்திருந்தது.

பந்தயத்துக்கு முந்தின நாள் டீமேக்கர் ஐயா பஸ் பிடித்துத் தனியாக வந்தார். கண்ணெல்லாம் குழிவிழுந்து கிடந்தது.

"மாசிலாமணி, ஒன்னயக் கும்பிட்டுக் கேக்கிறேன். தூக்கி அடச்சிரு. தொரைக்குத் தெரிய வேணாம். தானா மூடிக்கிச்சுன்னு சொல்லிரு. நான் செஞ்சதால அவரு தல குனியிறத என்னால பாக்க முடியல."

இந்தத் தொழிலில் நான் தடுமாறியது அந்த ஒரு நேரத்தில்தான். கிளப்பின் சிரிப்பை நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் அந்தப் பெரிய மனிதர் என் முன்னால் கை கூப்பிக்கொண்டு நிற்கிறார். கொட்டாப்புளி என் பக்கத்திலேயே இருந்தது, திரியும் இருந்தது. ஒரு பின்னேரம் உட்கார்ந்து அடித்தால் முடிந்துவிடும். எல்லோரும் என்னைக் கெட்டிக்காரன் என்றும் சொல்வார்கள்.

"முடியாதுங்கய்யா" என்றேன். "நாளைக்கு அவரு தல நிமிரும். அடுத்த மாசம் படக வெறகுக்கு ஒடைக்கிறப்போ நீங்களும் நானும் அவருக்கு என்ன பதில் சொல்றது?"

அவர் அழுதார்.  ஆனாலும் நான் கொட்டாப்புளியை எடுக்கவில்லை.

பந்தயத்தன்று விடிந்ததும் கற்களை எடுத்து, படகைத் தூக்கி, இறைத்துப் பார்த்தோம். மேல் இடுக்குகள் மூடிவிட்டன. அடியில் இன்னும் கசிந்தது. துரை வெள்ளை உடுப்போடு வந்து நின்றார்.

"போகலாமா, பாஸ்?"

"வேணாங்க தொர."

அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. நேராகக் கிளப்புக்கு நடந்தார். அன்று தொடக்கக் கொடி பிடிக்க வேண்டியவர் வரவில்லையாம். நான் பிடிக்கிறேன் என்று இவர் வாங்கிக்கொண்டார். அத்தனை பேர் பார்வையிலும் கரையில் நின்று கொடியை இறக்கினார். பந்தயம் முடியும் வரை நின்று பார்த்தார். வென்றவருக்குக் கைதட்டினார். எத்தனையோ பேர் வெற்றி பெற்றதை இந்த ஏரியில் நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரையும் அந்தக் கொடிபிடித்தவரைப் போல நான் மதித்ததில்லை.

இதுதான் நான் உங்களைப் பார்த்துக் கத்துவதற்குக் காரணம். வேலைக்காரன் சும்மா இருப்பதைப் பார்த்தால் சொந்தக்காரருக்குப் பொறுக்காது, பக்கத்தில் நிற்பவருக்கும் பொறுக்காது, நமக்கே பொறுக்காது. கை தானாகக் கொட்டாப்புளிக்குப் போகும். மரம் தானே மூடிக்கொள்ளும் என்றால் அதற்கு வேண்டிய நாளைக் கொடுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொந்தக்காரரிடம் சொல்லுங்கள். நல்ல மனிதராக இருந்தால் அவர் தாங்கிக்கொள்வார். பிற்பாடு வேறு தோட்டத்துக்கு மாற்றலானபோது துரை சிட்டுவை விற்கவில்லை. இந்தக் கொட்டகைக்கே கொடுத்துவிட்டுப் போனார். போன வாரம் நீங்கள் வார்னிஷ் அடித்தீர்களே, அதே படகுதான்.

அந்த ஏப்ரல் பந்தயக் கூட்டமெல்லாம் கலைந்துபோன பிறகு, ஒரு வேலைநாள் காலையில், துரை ஜீப்பில் டீமேக்கர் ஐயாவையும் ஏற்றிக்கொண்டு வந்தார். பந்தயத்தன்று மறுபடியும் மூழ்க வைத்த சிட்டுவை முந்தின நாளே தூக்கி இறைத்து, பாயைக் கட்டி, மிதக்க விட்டிருந்தேன். ஏரியில் வேறு யாருமில்லை. துரை சுக்கானில் உட்கார்ந்துகொண்டு, "ரெண்டு பேரும் ஏறுங்க" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. கட்டிய நாளிலிருந்து அதைப் பழுது பார்த்திருக்கிறேன், சுமந்திருக்கிறேன், தண்ணீருக்குள் தள்ளிவிட்டிருக்கிறேன். பாய் விரித்து ஓடும்போது அதில் உட்காரச் சொல்லி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நானும் எதிர்பார்த்ததில்லை.

"எனக்குத் தண்ணின்னா பயம், சார்" என்றார் டீமேக்கர் ஐயா.

"எனக்கும் இன்னைக்குப் பயம்தான். ஏறுங்க ஐயா."

நடு ஏரிக்குப் போனதும் மலைக்காற்று இறங்கியது. சிட்டு ஒரு பக்கம் சாய்ந்து, பலகையெல்லாம் முறுகி, பாய்ந்துகொண்டு போனது. டீமேக்கர் ஐயா கண்ணை மூடிக்கொண்டு என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். காற்று அடங்கி, படகு நிமிர்ந்து வழுக்கத் தொடங்கிய பிறகுதான் கண்ணைத் திறந்தார். மெதுவாகக் குனிந்தார். வாடிய கொழுந்தின் பதம் பார்க்கிற அந்த உள்ளங்கையை அடிப்பலகையில் வைத்து அழுத்தினார். ஓர் இடுக்கையும் விடவில்லை. முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் தடவிக்கொண்டே போனார். பிறகு கையைத் தூக்கித் துரைக்குக் காட்டினார். அதில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"சொல்லுங்க ஐயா" என்றார் துரை. "காஞ்சிருக்கா?"

டீமேக்கர் ஐயா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்.

"இவ்ளோ காஞ்சா போதும், சார்."